கல்லுறை உலோகங்கள்: ஒரு குடிவகை நூல்

பாயிரம்

இந்நூல் கல்லுக்குள் குடியிருக்கும் உலோகங்களை வகை பிரித்துக் கூறுவது. யாத்த இடம் தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரம். கேட்டற்குரியோர் வினையூக்கி ஆய்வாளர், லாரி உரிமையாளர், ஏலக்காய் வியாபாரி, வேதியியல் தேர்வை ஒருமுறையேனும் எழுதி வாழ்ந்து காட்டியவர். பயன் யாதெனின், ‘உலோகத்தை உள்ளே வைத்துவிட்டேன்’ என்று ஒருவர் சொன்னால் எங்கே தலையாட்டுவது, எங்கே நிறுத்திக் கேட்பது என்பது விளங்கும்.

அற்றேல், ஆய்வுக்கூடங்கள் இருக்கும் பூனாவையும் சென்னையையும் விட்டுவிட்டுப் பொட்டிப்புரத்தில் உட்கார்ந்து இதை எழுதுவானேன் எனின், கூறுதும். கல்லுறை உலோகங்களுள் அளவால் மூத்தது இந்த ஊருக்கென்று விதிக்கப்பட்டது. இந்திய நியூட்ரினோ ஆய்வகத்துக்காக 50,000 டன் காந்தமேற்றிய இரும்பை அம்பரப்பர் மலையைக் குடைந்து உள்ளே வைப்பது திட்டம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை அதற்கு ஒப்புதல் தந்தது. அளவால் இளையதோ, போடியிலிருந்து ஏலக்காய் மூட்டை ஏற்றிப் போகும் புதிய டீசல் லாரிகள் பலவற்றின் புகைக்குழாயில் பயணம் செய்கிறது. அது ஒற்றைச் செம்பு அயனி. அதன் வீடு ஜியோலைட் என்னும் துளைக்கல். மூத்ததற்கும் இளையதற்கும் நடுவே உள்ள அனைத்தையும் ஒரே இடத்திலிருந்து பார்க்க இதைவிட வாகான ஊர் வேறில்லை.

வீட்டியல்

கல் இருவகைப்படும்: தானே துளையுடையது, நாம் துளையிட வேண்டியது.

பொட்டிப்புரத்துக் கல் இரண்டாம் வகை. சார்னோகைட் என்பது அதன் பெயர். கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல்லை வைத்து, நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893-இல் இட்ட பெயர் அது. கல்லறை கல்கத்தாவில் இருந்தாலும் கல் நம் சென்னைப் பக்கத்தது என்பதைத் தமிழர் அனைவரும் ஒருமுறை பெருமையோடு நினைவுகூர்ந்துவிட்டு, நூலுக்குத் திரும்புக. இறுகிய, நுண்துளையற்ற பாறை. இதற்குள் குடிவைக்க ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுரங்கம் வெட்ட வேண்டும்.

முதல் வகையே இந்நூலின் தலைமைப் பொருள். 1756-இல் சுவீடன் நாட்டுக் கனிமவியலாளர் க்ரோன்ஸ்டெட் ஒரு கல்லைச் சூடாக்க, அது கொதிப்பதுபோல் நுரைத்து நீராவி விட்டது. கல்லுக்குள் நீர் இருந்தது. நீர் இருந்தால் அறை இருக்க வேண்டும். தக்காணத்து எரிமலைப் பாறைகளில், பூனா, நாசிக் பக்கத்துக் கல்குவாரிகளில், இவ்வகைக் கற்கள் அழகழகான படிகங்களாகக் கிடைக்கின்றன. ஆலைக்கு வேண்டியவற்றை ஆய்வாளர்கள் தாமே செய்துகொள்கிறார்கள். சிலிக்காவும் அலுமினாவும் காரமும் சேர்த்து, பல வகைகளுக்குக் கரிம மூலக்கூறு ஒன்றையும் அச்சாக இட்டு, அழுத்தக் கலனில் மூடிச் சூடாக்குவார்கள். படிகம் வளர்ந்தபின் 550 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டால் அச்சு எரிந்து போகும், அறை காலியாகும்.

வீட்டுக்கு மூன்று இலக்கணம் உண்டு.

ஒன்று, வாயில். வளையத்தில் எத்தனை சிலிக்கன், அலுமினியம் அணுக்கள் என்பதைக் கொண்டு எட்டு வாயில், பத்து வாயில், பன்னிரண்டு வாயில் எனப்படும். எட்டு வாயிலாகிய சபாசைட்டுக்கு அகலம் 0.38 நானோமீட்டர், பத்து வாயிலாகிய இசட்.எஸ்.எம்.-5-க்கு ஏறத்தாழ 0.55, பன்னிரண்டு வாயிலாகிய ஃபோஜசைட்டுக்கு 0.74. உலக ஜியோலைட் சங்கம் ஒவ்வொரு கட்டமைப்புக்கும் மூன்றெழுத்துப் பட்டம் வழங்குகிறது. பட்டம் பெற்றவை 250-க்கும் மேல்.

இரண்டு, அறை. ஃபோஜசைட்டின் வாயில் 0.74 நானோமீட்டர்தான், அறையோ 1.2-க்கும் மேல். வாயிலைவிட அறை பெரிது என்னும் இந்த ஒரு விதியிலிருந்தே நூலின் பாதி கிளைக்கும். அறைக்குள் போய் வளர்ந்தது வாயில் வழியே திரும்ப முடியாது.

மூன்று, சுவர். சிலிக்கன் இருக்க வேண்டிய இடத்தில் அலுமினியம் உட்கார்ந்தால் சுவருக்கு ஓர் எதிர்மின் குறை வரும். அதை நிரப்ப சோடியமோ செம்போ ஹைட்ரஜனோ நேர்மின்னோடு அருகில் நின்றாக வேண்டும். குறை உள்ள சுவர்தான் குடியைப் பிடித்து வைக்கும் என்பது உலகியலுக்கும் பொருந்தும். ஆனால் அது இந்நூலின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

மனைப் பரப்பு கேட்பாருக்கு: ஒரு கிராம் இசட்.எஸ்.எம்.-5-இன் உட்பரப்பு ஏறத்தாழ 400 சதுர மீட்டர், அதாவது பத்து சென்ட். பத்திரப் பதிவு தேவையில்லை.

இனி, குடிவைப்பது எதற்கு எனின், முப்பயன் கருதி. முதலாவது சிக்கனம். பிளாட்டினக் கட்டிக்குள் புதைந்த அணு வேலை செய்யாது, விலை மட்டும் உண்டு. 55 அணுக்கள் சேர்ந்த சிறு குழுவிலோ 42 அணு மேற்பரப்பில் நிற்கும். இரண்டாவது காவல். சூட்டில் உலோகத் துகள்கள் நகர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துப் போகும். தனித்தனி அறை அதைத் தடுக்கும். மூன்றாவதும் தலையாயதும் தேர்வு. யார் உலோகத்தைச் சந்திக்கலாம் என்பதை வாயில் முடிவு செய்யும். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மோபில் நிறுவனத்தில் பால் வைஸ் குழுவினர் சிறு வாயில் ஜியோலைட்டுக்குள் பிளாட்டினத்தை வைத்துக் காட்டினார்கள்: நேர்ச்சங்கிலி மூலக்கூறு உள்ளே போய் ஹைட்ரஜன் ஏற்று வந்தது, கிளைச்சங்கிலி வாசலிலேயே நின்றது.

அம்பரப்பர் மலையின் வேலையும் இதுவே. எல்லாப் பக்கமும் குறைந்தது 1 கிலோமீட்டர் பாறை கேட்டது இரும்பைப் பத்திரப்படுத்த அல்ல. விண்ணிலிருந்து பொழியும் மற்றத் துகள்களை வாசலில் நிறுத்தி, நியூட்ரினோவை மட்டும் இரும்பிடம் அனுப்ப. ஆகவே சிறிதாயினும் பெரிதாயினும், கல்லின் கடமை தாங்குவதன்று, தேர்ந்து விடுவது. இதை மறந்து உலோகத்தை மட்டும் பார்ப்பவர் பாதி நூலைப் படித்தவர்.

குடியியல்

குடி எழுவகைப்படும்: சுவர்க்குடி, பற்றுக்குடி, குழுக்குடி, சிறைக்குடி, இடிகுடி, திண்ணைக்குடி, பெயர்குடி.

சுவர்க்குடியாவது, வீட்டின் செங்கற்களுள் ஒன்றாகவே அமைவது. 1983-இல் இத்தாலியர் காப்புரிமை பெற்ற டி.எஸ்.-1 இதற்கு எடுத்துக்காட்டு. சிலிக்கன் இருக்கும் இடத்தில் டைட்டானியம் அணு தனித்தனியே நிற்கும். ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொண்டு புரோப்பிலீனை அதன் ஆக்சைடாக்கும். சுவரில் இடம் கிடைக்காத டைட்டானியம் வெளியே ஆக்சைடுத் துகளாகக் குவிந்தால், அதே பெராக்சைடை வீணாகச் சிதைக்கும். உள்ளே இருந்தால் உழைப்பாளி, வெளியே இருந்தால் செலவாளி.

பற்றுக்குடியாவது, சுவரின் மின்குறையைப் பற்றி நிற்கும் தனி அயனி. நம் லாரிச் செம்பு இவ்வகை. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதி வந்தபின், டீசல் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் கட்டுப்படுத்த லாரிகளில் யூரியாக் கரைசல் தெளிக்கிறார்கள். யூரியா சூட்டில் அம்மோனியாவாகும். செம்பு அதையும் நைட்ரஜன் ஆக்சைடையும் கூட்டி, நைட்ரஜனும் நீருமாக்கி அனுப்பும். எட்டு வாயிலானதால் சபாசைட்டுக்குள் இவை நுழையும், எரியாத டீசலின் பெருமூலக்கூறுகள் நுழையா. அதிசயம் என்னவெனில் இக்குடி நின்ற இடத்தில் நிற்பதில்லை. குறைந்த சூட்டில் அம்மோனியா செம்பைச் சூழ்ந்துகொள்ள, அது சுவரை விட்டு விலகும். ஆனால் மின்கவர்ச்சி விட்ட எல்லைக்குள்தான் திரியும். அந்த எல்லைக்குள் இன்னொரு செம்பு அகப்பட்டால் இரண்டும் சேர்ந்து ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். 2017-இல் வெளிவந்த ஆய்வு இதை விளக்கியது. போடி டீக்கடையில் ஓர் ஓட்டுநருக்கு இதை விளக்கியபோது அவர் கேட்டது: “அதெல்லாம் சரிண்ணே, யூரியா ஊத்தலேன்னா வண்டி இழுக்க மாட்டேங்குதே, அதுக்கு உங்க செம்பு என்ன சொல்லுது?” செம்பு ஒன்றும் சொல்லவில்லை. சொல்வது வண்டியின் கணினி.

குழுக்குடியாவது, சில அணுக்கள் முதல் சில பத்து அணுக்கள் வரை சேர்ந்து, அறைக்கு அடங்கி வாழ்வது. ஸ்பெயினின் வலென்சியாவில் அவெலினோ கோர்மாவின் குழுவினர் பத்து வாயில் கல்லின் உள்ளே பிளாட்டினமும் வெள்ளீயமும் சேர்ந்த, ஒரு நானோமீட்டருக்கும் குறைந்த குழுக்களை அமைத்து, 2020-இல் வெளியிட்டார்கள். புரோப்பேனிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்துப் புரோப்பிலீன் தருவது அவற்றின் தொழில். 600 டிகிரி அளவுச் சூட்டில் நடக்கும் தொழில் என்பதால், அங்கே குலையாமல் இருப்பதே குடியின் குணச்சான்று.

சிறைக்குடியாவது, வாயிலைவிடப் பெரிதாய் உள்ளேயே உருவாகி, வெளியேற முடியாமல் வாழ்வது. செம்பு அயனியை முதலில் ஃபோஜசைட்டுக்குள் விட்டு, பின் சிறு மூலக்கூறுகளை அனுப்பினால், நான்கு துண்டுகள் செம்பைச் சுற்றிக் கைகோத்துத் தாலோசயனின் ஆகும். வெளியே நீலச் சாயமாகப் பெயின்ட் டப்பாவில் இருக்கும் அதே பொருள். இங்கே அறை போதாமல் சற்று வளைந்து உட்கார்ந்திருக்கும். இவ்வகையில் பெரும்பணி செய்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து, பூனா தேசிய வேதியியல் ஆய்வகத்தின் இயக்குநராக 1995 முதல் 2002 வரை இருந்த பால் ரத்தினசாமி. அவரும் ராபர்ட் ராஜாவும் 1990-களில் இந்தச் சிறைப்பட்ட செம்பைக் கொண்டு மீத்தேனை மெத்தனாலாக்கும் வழியைத் தேடினார்கள்.

இடிகுடியாவது, அறைக்கு மேல் வளர்ந்து சுவரை உடைத்துப் பொந்து செய்துகொள்வது. எல்லா அறையும் ஒன்றரை நானோமீட்டருக்கு உட்பட்ட கல்லுக்குள் மூன்று நானோமீட்டர்த் துகள் இருப்பதாக ஒருவர் சொன்னால், அது இவ்வகை. படிகத்துக்குள் இருப்பது மெய், அறைக்குள் இருப்பது பொய். இதை இழிவாகக் கருதற்க. சுற்றுச் சுவர் நன்றாக இருந்தால் இடிகுடியும் நெடுநாள் உழைக்கும். ஆனால் பெயரை மாற்றிச் சொல்லற்க.

திண்ணைக்குடியாவது, படிகத்தின் வெளிப்பரப்பில் உட்கார்ந்துகொண்டு உள்வீட்டு முகவரி கொடுப்பது. உலகில் மிகுதியாகக் காணப்படும் இனம் இதுவே. ஆய்வுக் கட்டுரைகளில் உலோகத்துக்கும் கல்லுக்கும் நடுவே சாய்கோடு இட்டால் ‘மேலே உள்ளது’ என்றும், மின்னஞ்சல் முகவரியில் வரும் சுழிக்குறி இட்டால் ‘உள்ளே உள்ளது’ என்றும் பொருள். சாய்கோட்டைச் சுழியாக்க விசைப்பலகையில் ஒரு தட்டுப் போதும். உலோகத்தை வெளியிலிருந்து உள்ளே அனுப்ப ஓர் ஆய்வு மாணவரின் மூன்றாண்டு வேண்டும். இரண்டில் எது மலிவு என்பதைக் கட்டுரையாசிரியர் அறிவர்.

பெயர்குடியாவது, முதல்நாள் மேற்சொன்ன வகைகளில் நல்லதொன்றாக இருந்து, வேலை தொடங்கியபின் இடம் மாறுவது. சூட்டில் வெளியே வந்து திண்ணையில் திரள்வது ஒரு வகை. திரவத்தில் கரைந்து போய், கரைசலில் வினையை நடத்திவிட்டு, ஆறியபின் ஒன்றும் அறியாததுபோல் திரும்பி வந்து படிவது மற்றொன்று. பின்னதைப் பிடிப்பது அரிது, ஏனெனில் கணக்கெடுக்கும் வேளையில் அது வீட்டில் இருக்கும்.

புகுத்தியல்

புகுத்தும் முறை நான்கு.

நனைத்தல்: உலோக உப்புக் கரைசலைத் துளை நிரம்பும் அளவு மட்டும் ஊற்றி, உலர்த்திச் சுடுதல். எளிது, ஆனால் உலரும்போது நீர் வெளியேறும் வழியே உப்பும் வரும். திண்ணைக்குடிகளின் பிறப்பிடம் இதுவே.

மாற்றுதல்: சுவரருகே நிற்கும் சோடியத்தை விலக்கி, நேர்மின்னுடைய உலோக அயனியை அங்கே நிறுத்துதல். பிளாட்டினத்தைச் சுற்றி நான்கு அம்மோனியாவை அணிவித்து அனுப்புவது வழக்கம். பன்னிரண்டு வாயிலுக்கு இது தகும். எட்டு வாயிலில் அவ்வளவு உடையோடு நுழைய முடியாது.

உடன்வளர்த்தல்: குடியை நடுவில் நிறுத்தி வீட்டைச் சுற்றிலும் கட்டுதல். எட்டு வாயிலுக்கு இதுவே தக்கது. இடர் என்னவெனில், ஜியோலைட் வளரும் காரச் சூட்டில் உலோகம் முன்னதாகவே ஹைட்ராக்சைடாகப் படிந்து விடும். கலிபோர்னியாவில் என்ரிக் இக்லேசியாவின் குழுவினர் 2010 வாக்கில் இதற்கு வழி கண்டார்கள். கந்தகக் கையால் உலோகத்தைப் பிடித்து, மறுகையால் சிலிக்காச் சுவரோடு சேரும் ஒரு மூலக்கூறை இடையில் நிறுத்தினார்கள். வீடு எழும்வரை உலோகம் பொறுத்திருந்தது.

அடுக்கி மூடுதல்: தாள்தாளாக உள்ள கல்லை விரித்து, தாள்களுக்கு நடுவே உலோகத்தை வைத்து, சுட்டு ஒன்றாக்குதல். பிளாட்டினத்தை இப்படி மூடிய முறையும் வலென்சியாவிலிருந்து 2017-இல் வந்தது.

இவற்றுள் எது சிறந்தது என்று கேட்பவருக்கு விடை: முதலில் வாயிலைத் தேர்க. எதை உள்ளே விட வேண்டும், எதை நிறுத்த வேண்டும் என்று தெரிந்தால் வாயில் தெரியும். வாயில் தெரிந்தால் புகுத்தும் முறை தெரியும். உலோகத்தை முதலில் வாங்கிவிட்டு வீடு தேடுபவர் நனைத்தலில் தொடங்கி நனைத்தலிலேயே முடிப்பார்.

ஒற்றியல்

உள்ளே வைத்தது உள்ளேதான் இருக்கிறதா என்று அறிய ஒற்றர் வேண்டும். ஒற்றர் ஐவர். ஒவ்வொருவருக்கும் ஒரு குருடு உண்டு.

முதல் ஒற்றர் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு. படிகம் குலையாமல் இருக்கிறதா என்பதைச் செவ்வனே சொல்வார். இரண்டு நானோமீட்டருக்குக் குறைந்த உலோகம் அவர் கண்ணில் படாது. ‘உலோகத்தின் கோடு தெரியவில்லை, ஆகவே உலோகம் நுண்ணியது’ என்பார் சிலர். உலோகம் மிகக் குறைவாக இருந்தாலும் கோடு தெரியாது.

இரண்டாம் ஒற்றர் எலக்ட்ரான் நுண்ணோக்கி. கண்ணால் கண்டதைச் சொல்பவர் என்பதால் எல்லோரும் நம்புவர். இவர் காண்பதோ நிழல். படிகத்தின் முன்புறத்தில், பின்புறத்தில், நடுவில் உள்ள மூன்று துகளும் படத்தில் ஒரே இடத்தில் விழும். படிகத்தை மென்தகடாக அரிந்து பார்த்தால், அல்லது பல கோணங்களில் சாய்த்துப் படமெடுத்தால் மெய் தெரியும். மேலும் இவருடைய கற்றையே கல்லைச் சிதைத்து உலோகத்தை நகர்த்தக் கூடும். விசாரிக்கப் போனவரே குடியைக் கிளப்பிவிடுவது உண்டு.

மூன்றாம் ஒற்றர் எக்ஸ்-கதிர் உட்கவர் நிறமாலை. இதற்குச் சின்க்ரோட்ரான் வேண்டும். இந்தியாவில் இந்தூரின் இண்டஸ்-2-க்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். ஓர் அணுவுக்கு எத்தனை அண்டை அணுக்கள் என்று இவர் சொல்வார். பெருங்கட்டியில் 12, 55 அணுக் குழுவில் சராசரி 8-க்குச் சற்றுக் குறைவு, 13 அணுக் குழுவில் ஐந்தரை. ஆனால் இவர் சராசரிக்காரர். பாதி அணு தனியாளாகவும் பாதி பெருங்கட்டியாகவும் இருந்தால் 6 என்பார். கேட்பவர் நேர்த்தியான சிறு குழு என்று மகிழ்வார்.

நான்காம் ஒற்றர் கார்பன் மோனாக்சைடு. சிறிய மூலக்கூறாதலால் உள்ளே போய் உலோகத்தில் உட்காரும். அது அதிரும் அலைவெண்ணை அகச்சிவப்பில் படித்தால் தனி அயனியா, குழுவா, கட்டியா என்று குறிப்புக் கிடைக்கும். இவருடைய குருடு, உலோகத்தை இறுகப் பற்றித் தன்னோடு இழுத்து இடம் மாற்றிவிடக் கூடும் என்பது.

ஐந்தாம் ஒற்றர் எல்லோரிலும் எளியவர், எல்லோரிலும் நம்பத்தக்கவர். வாயிலைவிடப் பெரிய நச்சு மூலக்கூறு ஒன்றைக் கரைசலில் விடுக. மூன்று பென்சீன் வளையம் சுமந்த பாஸ்பீன் இதற்குத் தகும். அது உள்ளே போகாது. வெளியே உள்ள உலோகத்தை மட்டும் செயலறச் செய்யும். நச்சிட்டபின்னும் வினை நடந்தால் உலோகம் உள்ளே. நின்றால் அத்தனையும் திண்ணைக்குடி. இதன் மறுதலையும் ஏற்புடைத்து: நுழைய முடியாத பெருமூலக்கூறு வினைபுரிந்தால், அதைச் செய்தவர் வெளியே இருக்கிறார். கோடிகள் பெறும் கருவி சொல்லத் தயங்குவதைச் சில மில்லிகிராம் நஞ்சு சொல்லிவிடும். அதனாலேயே பல கட்டுரைகளில் இவரை அழைப்பதில்லை.

புறனடை

எழுவகைக்குள் அடங்காத ஒன்று எஞ்சி நிற்கிறது. அது பொட்டிப்புரத்து இரும்பு. வீட்டின் நீள அகலம் 132-க்கு 26 மீட்டர் என்று வகுத்தாயிற்று, 5.6 சென்டிமீட்டர்த் தகடுகளை எப்படி அடுக்குவது, இடையே கண்ணாடி உணர்விகளை எப்படிச் செருகுவது எல்லாம் வகுத்தாயிற்று. குடி மட்டும் புகவில்லை. மலை, நீர், மேய்ச்சல் நிலம் என்று ஊராரும் சூழலியலாளரும் எதிர்த்தார்கள்; மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா அருகில் இருப்பது வழக்குகளில் எழுந்தது; 2022-இல் தமிழக அரசு அனுமதிக்க இயலாது என்று உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. இடையில் 85 டன் கொண்ட சிறு மாதிரி ஒன்று மதுரையில், மலையேதும் போர்த்தாமல், இயங்குகிறது. இதைப் புகாக்குடி என எட்டாவதாகக் கொள்க.

ஜியோலைட் ஆய்வாளருக்கும் இதில் பாடம் உண்டு. குடியின் இலக்கணம் மட்டும் எழுதி வீட்டின் சம்மதத்தை விட்டுவிட்ட வடிவமைப்பு, தாளில் முழுமையாகவும் மலையில் பூஜ்யமாகவும் இருக்கும். துளைக்கல்லும் சம்மதம் மறுக்கும். நீராவிச் சூட்டில் அலுமினியம் சுவரைவிட்டு வெளியேறினால் பற்றுக்குடிக்குப் பற்ற இடமில்லை. சபாசைட் லாரிக்கு வாய்த்தது செம்பின் பெருமையால் மட்டுமன்று, அந்தச் சூட்டில் குலையாத சுவரினாலும்.

இனி நூல் முடிவில் ஐந்து வினா. வாயில் எவ்வளவு? அறை எவ்வளவு? எவ்வழி புகுத்தினீர்? வெளியில் இல்லை என்று எந்த ஒற்றர் சொன்னார்? வேலை முடிந்தபின் மறுபடி பார்த்தீரா?

ஐந்துக்கும் விடை தந்தவருக்குச் சுழிக்குறி உரித்து. நான்குக்குத் தந்தவர் சாய்கோட்டோடு அமைக. ஒன்றுக்கும் தராதவர் எப்படியும் சுழிக்குறிதான் போடுவார். அவரைத் தடுக்க இந்நூலால் ஆகாது.